வானொலியில் வராத இசை எப்படி நிலைத்தது?

கேள்வி இது: 1990களில் வானொலியில் ஒலிக்காத, விற்பனைப் பட்டியலில் ஏறாத இண்டி (பெரிய நிறுவனங்களைச் சாராத), போஸ்ட்-ராக் (ராக் கருவிகளால் ராக் அல்லாத இசை செய்யும்) இசைக்குழுக்களைப் பற்றி முப்பது ஆண்டுகள் கழித்தும் இவ்வளவு பேசுகிறார்களே, அவை உண்மையிலேயே எதையாவது மாற்றினவா? இல்லை, விமர்சகர்கள் ஊதிப் பெரிதாக்கிய கதையா?

மாற்றின என்பதே என் பதில். ஊதிப் பெரிதாக்கியதும் கொஞ்சம் உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன். 'அந்த இசை காலத்தை முந்தியது, பின்னால் வந்தவர்கள் கண்டுகொண்டார்கள்' என்றுதான் பொதுவாக இதற்குப் பதில் சொல்வார்கள். எனக்கு அது போதவில்லை. காலத்தை முந்திய எத்தனையோ இசைத்தட்டுகள் ஒரே அச்சோடு காணாமல் போயிருக்கின்றன. இவை அப்படிப் போகவில்லை என்றால், கேட்க வேண்டியவர்கள் வந்து சேரும்வரை இவற்றைக் கடையில் வைத்திருக்க ஓர் ஏற்பாடு இருந்தது. அதைக் கட்டியெழுப்பியவர்களும் இதே கிட்டார்க்காரர்கள்தான். இசையையும் அந்த ஏற்பாட்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்தச் செல்வாக்கு புரியும். ஒரே ஒரு ஆல்பத்தை எடுத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்தின் பெரிய நகரம் லூயிவில். குதிரைப் பந்தயத்துக்கும் பர்பன் விஸ்கிக்கும் பேர்போன ஊர். இசைத் தொழில் நடக்கும் நியூயார்க், லாஸ் ஏஞ்சலஸ் இரண்டுக்கும் அது தூரம். 1986இல் அங்கே சில இளைஞர்கள் ஸ்லின்ட் என்ற இசைக்குழுவைத் தொடங்கினார்கள். பிரையன் மெக்மஹன், டேவிட் பாஜோ இருவரும் கிட்டார், பிரிட் வால்ஃபோர்ட் டிரம்ஸ், ஈதன் பக்லர் பேஸ். முதல் ஆல்பத்தை 1987இல் ஒலிப்பதிவாளர் ஸ்டீவ் ஆல்பினி பதிவுசெய்தார். 1989இல்தான் அது வெளிவந்தது, வந்ததும் பெரிதாக யாருக்கும் தெரியவில்லை. பக்லர் விலகினார், டாட் பிரஷியர் வந்தார். வால்ஃபோர்டின் பெற்றோர் வீட்டு நிலவறையில் உட்கார்ந்து, ஆறே ஆறு பாட்டுகளைத் திரும்பத் திரும்ப வாசித்துக் கெட்டிப்படுத்தினார்கள். 1990 ஆகஸ்டில் சிகாகோ போய், பிரையன் பால்சன் என்ற ஒலிப்பதிவாளரிடம் சில நாட்களில் பதிவை முடித்தார்கள். நால்வருக்கும் அப்போது இருபதை ஒட்டிய வயது.

1991 மார்ச்சில் 'ஸ்பைடர்லேண்ட்' என்ற பெயரில் அந்த ஆல்பம் வெளிவந்தபோது இசைக்குழு கலைந்துவிட்டிருந்தது. ஆல்பத்துக்காக ஊர் ஊராகப் போய் வாசிக்க ஆளில்லை. முன்னட்டையில் எழுத்தே கிடையாது. இண்டியானா மாநிலத்தில் யுடிகா என்ற ஊரின் கைவிடப்பட்ட கல்குவாரித் தண்ணீரில் நான்கு பேரும் கழுத்தளவு மூழ்கிச் சிரிக்கும் கறுப்பு வெள்ளைப் படம் மட்டும். எடுத்தவர் நண்பர் வில் ஓல்டாம். அந்தப் பெயரை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

இந்த ஆல்பத்தில் அப்படி என்ன இருக்கிறது? முதல் பாட்டில் ஒருவன் திருவிழாத் திடலுக்குப் போகிறான், குறிசொல்லும் பெண்ணின் கூடாரத்துக்குள் நுழைகிறான், எதிர்காலம் கேட்பதை விட்டுவிட்டு அவளை ரோலர் கோஸ்டருக்குக் கூட்டிப் போகிறான். அவ்வளவுதான் கதை. மெக்மஹன் அதைப் பாடுவதில்லை, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் சொல்வதுபோலச் சொல்கிறார். கிட்டார் தந்தியை அழுத்தாமல் விரல் நுனியால் தொட்டு எழுப்பும் மணியோசை பின்னால் ஓடுகிறது. தாளம் நான்கில் நிற்காமல் ஏழில் சுற்றுகிறது. வண்டி சரிவில் இறங்கும் இடத்தில் இரண்டு கிட்டாரும் டிஸ்டார்ஷனில் வெடிக்கின்றன. மூன்றாவது பாட்டில் டிரம்ஸே இல்லை. ஒரு விருந்தில் ஒட்ட முடியாமல் வெளியே வந்து நிற்கும் மனிதனின் கதையை வால்ஃபோர்ட் முணுமுணுக்கிறார், இரண்டு கிட்டார் மட்டும் கூட வருகின்றன.

கடைசிப் பாட்டைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கப்பல் உடைந்து கரையொதுங்கிய கேப்டன் ஒரு வீட்டின் கதவைத் தட்டுகிறான். கதவுக்குப் பின்னால் ஒரு சிறுவன். ஏழரை நிமிடத்தில் முக்கால்வாசிக்கு மேல் பேஸும் டிரம்ஸும் ஒரே சுற்றில் நடந்துகொண்டிருக்கும், சொற்கள் இசைக்கு அடியில் புதைந்திருக்கும். என்ன சொல்கிறார் என்று கேட்க நாமே வால்யூமைக் கூட்டுவோம். கூட்டி வைத்த நிலையில் கடைசி நிமிடம் வருகிறது. கிட்டார்கள் முழுச் சத்தத்தில் இறங்க, அதுவரை முணுமுணுத்த குரல் பிரிவைச் சொல்லும் ஒற்றை வாக்கியத்தைத் தொண்டை கிழியக் கத்துகிறது. அத்தோடு ஆல்பம் முடிகிறது.

இதன் நுட்பம் ஒலிப்பதிவில் இருக்கிறது. வானொலிக்காகச் செய்யப்படும் பதிவில் மெல்லிய ஓசையை உயர்த்தி, உரத்த ஓசையை அடக்கி, இரண்டையும் ஏறக்குறைய ஒரே மட்டத்துக்குக் கொண்டுவருவார்கள். காரில் போகிறவருக்கும் சமையலறையில் இருப்பவருக்கும் எல்லாம் கேட்க வேண்டுமே! 1990களில் சிடிகள் வருடத்துக்கு வருடம் இன்னும் உரக்க ஒலித்தன, அந்த இடைவெளி மேலும் சுருங்கியது. ஸ்லின்ட் அந்த இடைவெளியை அப்படியே விட்டுவைத்தார்கள். அறையின் காற்றுகூடப் பதிவில் இருக்கிறது. மெல்லிசையும் பேரோசையும் மாறிமாறி வருவது அவர்கள் கண்டுபிடிப்பு அல்ல. பிக்ஸீஸ் என்ற அமெரிக்க இசைக்குழு 1988லேயே அதைச் செய்தது, அவர்கள் ஆல்பத்தையும் ஆல்பினியே பதிவுசெய்தார். ஸ்லின்ட் செய்தது வேறு. மூன்று நிமிடப் பாட்டுக்குள் பல்லவியும் சரணமுமாக மாறிக்கொண்டிருந்ததை நீட்டி, ஏழெட்டு நிமிடம் கேட்பவரைக் காக்க வைத்தார்கள். வெடிக்கும் என்று நினைத்த இடத்தில் வெடிக்காமல் விட்டார்கள். ராக் பாட்டில் பேச்சுக்கும் மௌனத்துக்கும் இடம் உண்டு என்று காட்டினார்கள்.

ஆல்பத்தை வாங்கியவர்கள் அப்போது குறைவுதான். ஆல்பினி பிரிட்டனின் 'மெலடி மேக்கர்' இதழில் பத்து நட்சத்திரம் கொடுத்து மதிப்புரை எழுதினார். அதைப் படித்துத் தேடிப்போனவர்கள் சிலர், நண்பர் கொடுத்த கேசட்டில் கேட்டவர்கள் பலர். 1995இல் 'கிட்ஸ்' படத்தின் இசைத் தொகுப்பில் அந்தக் கடைசிப் பாட்டு இடம்பெற, ஸ்லின்ட் என்ற பெயரே தெரியாதவர்கள் காதிலும் அது விழுந்தது. அதே ஆண்டில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் மோக்வாய் என்ற இசைக்குழு தொடங்கியது. அவர்களுடைய 1997ஆம் ஆண்டு முதல் ஆல்பத்தைக் கேட்டால் ஸ்லின்ட் எங்கே போய்ச் சேர்ந்தது என்று தெரியும். குரலை ஏறக்குறைய முழுக்கவே எடுத்துவிட்டு, பதினாறு நிமிடம் ஓடும் ஒரு பாட்டோடு அதை முடித்தார்கள்.

கலைந்த இசைக்குழுவின் ஆட்களும் சும்மா இருக்கவில்லை. பாஜோ சிகாகோவின் டார்ட்டஸ் இசைக்குழுவில் சேர்ந்தார். வால்ஃபோர்ட் அதற்கு முன்பே, 1990இல், பிரீடர்ஸ் இசைக்குழுவின் முதல் ஆல்பத்தில் புனைபெயரில் டிரம்ஸ் வாசித்திருந்தார். மெக்மஹன், வால்ஃபோர்ட், பிரஷியர் மூவரும் அட்டைப்படம் எடுத்த வில் ஓல்டாமின் முதல் ஆல்பத்தில் (1993) வாசித்தார்கள். ஓல்டாம் பின்னர் பானி 'பிரின்ஸ்' பில்லி என்ற பெயரில் எழுதிய 'ஐ சீ எ டார்க்னெஸ்' என்ற பாட்டை 2000இல் ஜானி கேஷ் தன் முதிர்ந்த குரலில் பாடினார், ஓல்டாமும் கூடப் பாடினார். கல்குவாரியில் நண்பர்களைப் படமெடுத்த பையனிலிருந்து அமெரிக்க நாட்டுப்புற இசையின் மூத்தவர் வரை பத்தே ஆண்டுகளில் ஒரு கோடு போகிறது. செல்வாக்கு என்று நான் சொல்வதில் இதுவும் சேரும். ஒருவர் ஓசையை இன்னொருவர் எடுத்தாள்வது அதில் ஒரு பாதிதான். ஒரே ஊரில் ஒருவர் ஆல்பத்தில் இன்னொருவர் வாசித்துக் கொடுக்கும் பழக்கம் மறுபாதி.

இனி அந்த ஏற்பாட்டுக்கு வருகிறேன். இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

'ஸ்பைடர்லேண்ட்' ஆல்பத்தை வெளியிட்டது டச் அண்ட் கோ என்ற லேபிள், அதாவது இசை வெளியீட்டு நிறுவனம். 1979இல் மிச்சிகன் மாநிலத்தில் ஒரு ரசிகர் இதழாகத் தொடங்கி, 1981இல் இசைத்தட்டு போட ஆரம்பித்து, பின்னர் சிகாகோவுக்கு இடம்பெயர்ந்த நிறுவனம். நடத்தியவர் கோரி ரஸ்க், அவரே ஒரு பங்க் இசைக்குழுவில் பேஸ் வாசித்தவர். எழுத்தில் ஒப்பந்தம் கிடையாது, கைகுலுக்கினால் சரி. பதிவுக்கும் அச்சுக்கும் ஆன செலவைக் கழித்த பிறகு வரும் லாபத்தில் பாதி இசைக்குழுவுக்கு, பாதி லேபிளுக்கு. முன்பணம் கொடுத்துக் கடனாளி ஆக்கும் வேலை இல்லை.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரிய, பெரிய நிறுவனங்களின் கணக்கைப் பார்க்க வேண்டும். 1993இல் 'தி பாஃப்லர்' இதழில் ஆல்பினி ஒரு கட்டுரை எழுதினார். பெரிய லேபிளோடு கையெழுத்திடும் ஒரு கற்பனை இசைக்குழுவுக்கு வரவு செலவு போட்டுக் காட்டினார். முன்பணம் 2,50,000 டாலர், விற்பனை இரண்டரை லட்சம் பிரதிகள். மேலாளர், வழக்கறிஞர், தயாரிப்பாளர், வீடியோ, பயணம் என்று எல்லாம் கழிந்த பிறகு லேபிளுக்குக் கிடைப்பது ஏழு லட்சம் டாலருக்கு மேல். இசைக்குழுவில் ஒருவருக்குக் கிடைப்பது 4,031 டாலர். அதற்கு மேல் ராயல்டி கணக்கில் இசைக்குழு லேபிளுக்கு 14,000 டாலர் பாக்கி! அந்தக் கட்டுரை அன்றைய இளம் இசைக்குழுக்கள் பலவற்றுக்குப் பாடப்புத்தகமாக இருந்தது. இன்றும் படிக்கலாம், தொகைகள் மாறியிருக்கும், வழி மாறவில்லை.

ஆல்பினி எழுதியபடியே நடந்தார் என்பதுதான் முக்கியம். அதே 1993இல் நிர்வாணா, உலகத்திலேயே மிகப் பெரிய ராக் குழுவாக இருந்த நேரத்தில், தங்கள் ஆல்பத்தைப் பதிவுசெய்ய அவரை அழைத்தது. வழக்கப்படி விற்பனையில் ஒரு பங்கு கேட்டிருந்தால் வாழ்நாளுக்கும் பணம் வந்திருக்கும். வேண்டாம் என்றார். பிளம்பர் வந்து வேலை செய்துவிட்டுக் கூலி வாங்கிப் போவதுபோலத் தனக்கும் ஒரு தடவை கூலி கொடுத்தால் போதும் என்று அவர்களுக்கு எழுதினார். பாட்டு இசைக்குழுவுடையது, அதில் தனக்குப் பங்கு கேட்பது தவறு என்பது அவர் நிலை. 1997இல் சிகாகோவில் எலக்ட்ரிகல் ஆடியோ என்ற ஸ்டுடியோவைக் கட்டி, பேர் இல்லாத இசைக்குழுக்களும் கொடுக்கக்கூடிய கட்டணத்தில் பதிவுசெய்தார். மோக்வாயின் இருபது நிமிடப் பாட்டு ஒன்று, காட்ஸ்பீட் யூ! பிளாக் எம்பரரின் 2002ஆம் ஆண்டு ஆல்பம், டோக்கியோவின் மோனோ இசைக்குழு என்று போஸ்ட்-ராக்கின் முக்கியமான பதிவுகள் பல அவர் கையால் நடந்தவை. 2024 மே மாதம் 61 வயதில் இறந்தார். அவரை நான் பெரிதும் மதிக்கிறேன். இசையில் நேர்மை என்று பேசுகிறவர்கள் நிறைய, அதைக் கட்டண ரசீதில் காட்டியவர் அவர்.

கைகுலுக்கல் எப்போதும் சுகமாக முடியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். டச் அண்ட் கோவின் பழைய இசைக்குழுவான பட்ஹோல் சர்ஃபர்ஸ், பெரிய லேபிளுக்குப் போய் வெற்றி பெற்ற பிறகு, தங்கள் பழைய ஆல்பங்களின் உரிமையைத் திருப்பிக் கேட்டது. ரஸ்க் மறுத்தார். வழக்கு மேல்முறையீடு வரை போய், 1999இல் இசைக்குழுவுக்குச் சாதகமாகத் தீர்ந்தது. காலவரையறை சொல்லாத ஒப்பந்தத்தை எந்தத் தரப்பும் முடித்துக்கொள்ளலாம் என்பது நீதிமன்றத்தின் முடிவு. அன்று பலர் இசைக்குழுவைத் துரோகி என்றார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. எழுதாத ஒப்பந்தம் நம்பிக்கை உள்ளவரைதான் ஒப்பந்தம், நம்பிக்கை போனால் பிரியும் உரிமை இருவருக்கும் உண்டு. ஆனால் ஸ்லின்ட் உட்பட மற்ற இசைக்குழுக்களில் பெரும்பாலானவை அதன் பிறகும் அங்கேயே இருந்தன என்பது அந்த ஏற்பாட்டைப் பற்றி வழக்கைவிட அதிகம் சொல்கிறது.

2009இல் டச் அண்ட் கோ புதிய வெளியீடுகளைப் பெருமளவு நிறுத்தியது. அதுவரை மெர்ஜ், டிராக் சிட்டி, கில் ராக் ஸ்டார்ஸ் போன்ற சின்ன லேபிள்களுக்கும் இசைத்தட்டு அச்சடித்து விநியோகித்து வந்ததையும் கைவிட்டது. பழைய பட்டியலை மட்டும் கைவிடவில்லை. கலைந்துபோன, பல ஆண்டுகள் ஊர் ஊராகச் சென்று வாசிக்காத ஒரு இசைக்குழுவின் ஆல்பம் விற்பனையில் இருந்துகொண்டே இருந்தது. 2014இல் அதைப் பெரிய பெட்டித் தொகுப்பாகவும் போட்டார்கள். ஒரு பெரிய நிறுவனத்தின் கையில் இருந்திருந்தால், மூன்றாம் வருடமே பட்டியலிலிருந்து நீக்கி உரிமையைப் பெட்டகத்தில் பூட்டியிருப்பார்கள் என்பது என் கணிப்பு. அந்த விநியோகத்தில் வளர்ந்த மெர்ஜ் லேபிளின் கதை இன்னும் சுவையானது. 1989இல் ஒரு இசைக்குழுவின் இரண்டு உறுப்பினர்கள் தொடங்கிய அந்த லேபிள் வெளியிட்ட ஆர்கேட் ஃபயரின் ஆல்பம், 2011இல் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி விருதை வாங்கியது.

'போஸ்ட்-ராக்' என்ற பெயர் புழக்கத்துக்கு வந்தது 1994இல். லண்டனின் பார்க் சைக்கோசிஸ் இசைக்குழுவைப் பற்றி எழுதும்போது விமர்சகர் சைமன் ரெனால்ட்ஸ் அதைப் பயன்படுத்தினார். ராக் கருவிகளைக் கொண்டு ராக் அல்லாத வேலை செய்வது, கிட்டாரை வழக்கமான ராக் மெட்டுத் துணுக்குகளுக்கு (ரிஃப்) அல்லாமல் ஓசையின் நிறத்துக்கும் இழைக்கும் பயன்படுத்துவது என்று விளக்கினார். இசைக்குழுக்களில் பெரும்பாலானவற்றுக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை. பெயர் பிழைத்துக்கொண்டது.

என் வாதத்துக்கு எதிரான ஒரு சான்றும் இந்த இடத்தில் உண்டு. போஸ்ட்-ராக்கின் மூலம் எது என்று கேட்டால் பலரும் ஸ்லின்ட்டோடு சேர்த்துச் சொல்வது லண்டனின் டாக் டாக் இசைக்குழு 1988இல் வெளியிட்ட 'ஸ்பிரிட் ஆஃப் ஈடன்'. அது சின்ன லேபிளின் பிள்ளை அல்ல. இ.எம்.ஐ. என்ற மாபெரும் நிறுவனத்தின் பணத்தில் உருவானது. சில வருடங்களுக்கு முன்புவரை சின்தசைசர் பாப் பாடல்களால் புகழ்பெற்றிருந்த இசைக்குழு. அதன் பாடகர் மார்க் ஹோலிஸும் தயாரிப்பாளர் டிம் ஃபிரீஸ்-கிரீனும் மாதக்கணக்கில் வெசெக்ஸ் ஸ்டுடியோவை இருட்டாக்கி வைத்துக்கொண்டு, இசைக்கலைஞர்களை ஒவ்வொருவராக அழைத்து மனம்போல வாசிக்கச் சொன்னார்கள். பதிவானதில் பெரும்பகுதியைத் தூக்கிப் போட்டுவிட்டு, எஞ்சிய துண்டுகளை ஒட்டி ஆல்பமாக்கினார்கள். விற்பதற்கு அதில் ஒரு சிங்கிள்கூட (தனியாக வெளியிடத்தக்க பாட்டு) இல்லை என்று நிறுவனம் திகைத்தது. இசைக்குழு அங்கிருந்து வெளியேறி 1991இல் இன்னொரு ஆல்பம் செய்துவிட்டுக் கலைந்தது. ஹோலிஸ் 1998இல் தன் பெயரில் ஒன்று வெளியிட்டு, இசையுலகை விட்டே விலகி வாழ்ந்து, 2019இல் இறந்தார்.

ஆகவே பெரிய பணத்தில் இப்படிப்பட்ட இசை பிறக்கவே முடியாது என்று நான் சொல்லவில்லை. பிறந்திருக்கிறது, நிறுவனம் கவனிக்காத நேரத்தில். அதை இரண்டாம் முறை செய்ய அங்கே யாரையும் விட்டிருக்க மாட்டார்கள். தொடர்ந்து செய்ய இடம் கொடுத்தவை சின்ன லேபிள்களே.

சிகாகோவின் டார்ட்டஸ் பற்றிச் சுருக்கமாக. ஜமைக்காவின் டப் (பதிவான பாட்டை எதிரொலி சேர்த்து மாற்றியமைக்கும் இசை), 1970களின் ஜெர்மன் ராக், ஸ்டீவ் ரைக்கின் மினிமலிசம் (சிறு துணுக்குகளைத் திரும்பத் திரும்ப வாசிக்கும் பாணி), ஜாஸ் எல்லாவற்றையும் கொண்டுவந்து சேர்த்தார்கள். 1996ஆம் ஆண்டு ஆல்பத்தின் முதல் பாட்டு இருபது நிமிடத்துக்கு மேல் ஓடும். 1998இல் வந்த 'டிஎன்டி' கணினியின் ஹார்ட் டிஸ்கில் பதிவாகி, துண்டு துண்டாக வெட்டி ஒட்டப்பட்டது. அன்று அது புதுமை, இன்று படுக்கையறையில் பாட்டு செய்யும் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். அதை வெளியிட்ட திரில் ஜாக்கி லேபிளை நடத்தியவர் பெட்டினா ரிச்சர்ட்ஸ் என்ற பெண்.

மான்ட்ரியலின் காட்ஸ்பீட் யூ! பிளாக் எம்பரர் இந்த வழியை அரசியலாகவே ஆக்கிக்கொண்டது. 1997இல் அவர்களுடைய முதல் ஆல்பத்தை கான்ஸ்டலேஷன் லேபிள் முதலில் 500 இசைத்தட்டுகளாக அச்சிட்டது. ஒவ்வோர் உறைக்குள்ளும் கையால் தயாரித்த தாள்களோடு, தண்டவாளத்தில் வைத்து ரயில் ஏறி நசுங்கிய ஒரு காசு. ஒரு பக்கத்தின் இறுதியில் ஊசி வட்டப் பள்ளத்தில் மாட்டிக்கொண்டு, நாம் எழுந்து போய் எடுக்கும்வரை ஒரே ஓசை சுற்றிக்கொண்டே இருக்கும். ஆல்பத்தின் பெயரில் உள்ள முடிவிலிக் குறி அதுதான். 2002ஆம் ஆண்டு ஆல்பத்தின் பின்னட்டையில் பெரிய இசை நிறுவனங்களுக்கும் ஆயுத உற்பத்தி நிறுவனங்களுக்கும் உள்ள தொடர்பை வரைபடமாகப் போட்டார்கள். 2013இல் கனடாவின் போலாரிஸ் விருது 30,000 டாலரோடு கிடைத்தபோது, சிக்கன நடவடிக்கைகளால் மக்கள் அவதிப்படும் நேரத்தில் இவ்வளவு ஆடம்பர விழா எதற்கு என்று கேட்டு அறிக்கை விட்டார்கள். பரிசுப் பணம் கியூபெக் சிறைவாசிகளுக்கு இசைக்கருவிகள் வாங்கப் போகும் என்றார்கள். வரிகளே இல்லாத இசையில் அரசியல் எப்படி வரும் என்று கேட்கிறவர்களுக்கு இவர்கள் பதில்.

உங்களை அறியாமலே இந்த இசை உங்களை வந்து சேர்ந்திருக்கும், அநேகமாகத் திரைப்படம் வழியாக. '28 டேஸ் லேட்டர்' (2002) படத்தில் ஆளற்ற லண்டன் தெருக்களில் நாயகன் நடக்கும் காட்சியில் ஒலிப்பது காட்ஸ்பீடின் இசை. அதே படத்துக்கு ஜான் மர்ஃபி அமைத்த உச்சக்கட்ட இசையும் சின்ன கிட்டார் சுற்றில் தொடங்கிப் படிப்படியாக ஏறி உடைகிற அதே அமைப்பு, பின்னர் எத்தனையோ முன்னோட்டங்களில் திரும்பத் திரும்ப ஒலித்தது. டெக்சாஸின் எக்ஸ்ப்ளோஷன்ஸ் இன் தி ஸ்கை 2004இல் 'ஃபிரைடே நைட் லைட்ஸ்' படத்துக்கு இசையமைத்தது. ஒடெசா நகரத்துப் பள்ளியின் அமெரிக்கக் கால்பந்து அணியைப் பற்றிய படம் அது. இசைக்குழுவில் மூவர் பக்கத்து ஊரான மிட்லண்டில் வளர்ந்தவர்கள், அந்தத் தட்டையான நிலமும் வெள்ளிக்கிழமை இரவு ஆட்டமும் அவர்களுக்கு நேரடியாகத் தெரியும். ஐஸ்லாந்தின் சிகுர் ரோஸ் பாட்டு ஒன்றை 2006இல் பிபிசி தன் 'பிளானட் எர்த்' தொடரின் விளம்பரத்துக்கு எடுத்துக்கொண்டது. படத்தொகுப்பாளர்களுக்கு இந்த இசை ஏன் பிடித்தது என்பது வெளிப்படை. வரிகள் இல்லாததால் வசனத்தோடு மோதாது, மெல்ல ஏறுவதால் காட்சியின் நீளத்துக்கு வெட்டலாம், உச்சம் எங்கே வரும் என்று முன்கூட்டியே தெரியும்.

கடைசியாகச் சொன்னதில்தான் சிக்கலும் இருக்கிறது. உச்சம் எங்கே வரும் என்று தெரிந்துவிட்டால் அது ஸ்லின்ட் செய்ததற்கு நேர் எதிர். 2000களின் நடுப்பகுதியிலிருந்து, அமைதியாகத் தொடங்கி, எதிரொலி பூசிய கிட்டாரை அடுக்கி, எட்டாவது நிமிடத்தில் வெடிக்கும் இசைக்குழுக்கள் உலகெங்கும் முளைத்தன. அவற்றில் நல்லவை உண்டு, மோனோவும் சிகுர் ரோஸும் என்னை இன்னும் கலங்க வைக்கின்றன. அகமதாபாத்தில் தொடங்கிய 'ஆஸ் வி கீப் சர்ச்சிங்' இந்தி வரிகளோடு இதைத் தனக்கேற்ப மாற்றிக்கொண்டது. ஆனால் பெரும்பாலானவை அச்சுவார்ப்பு. பேரோசையை எடுத்துக்கொண்டு அடக்கத்தை விட்டுவிட்டார்கள். காப்பீட்டு விளம்பரத்தில் தந்தை மகளைப் பள்ளிக்கு அனுப்பும் காட்சிக்கு வாசிக்கப்படும் அந்தக் கிட்டாரைக் கேட்டு இதுதான் போஸ்ட்-ராக் என்று நினைப்பவர்களிடம் எனக்கு வருத்தமே உண்டு.

ஊதிப் பெரிதாக்கியது பற்றிக் கேட்டீர்கள். உண்டு. மெதுவாகவும் கனமாகவும் இருக்கும் எல்லாவற்றையும் ஸ்லின்ட் கணக்கில் எழுதுவது சோம்பேறித்தனம். லூயிவிலிலேயே அவர்களுக்கு முன்னால் ஸ்குவிரல் பெய்ட் இருந்தது, மெக்மஹனும் வால்ஃபோர்டும் அதிலிருந்து வந்தவர்கள்தான். டப் இசையை உருவாக்கிய கிங் டபி போன்ற ஜமைக்கர்களுக்கும், கேன் (Can), நொய் (Neu!) போன்ற ஜெர்மன் இசைக்குழுக்களுக்கும் போஸ்ட்-ராக் பட்டிருக்கும் கடன் பெரியது. அந்தக் கடனைப் பற்றிப் பேசுவது மிகக் குறைவு. எழுதியவர்கள் பெரும்பாலும் தங்களைப் போன்ற வெள்ளைக்கார இளைஞர்களைப் பற்றியே எழுதினார்கள். நான்கு பேர் சேர்ந்து வாசித்து உருவாக்கியதை 'மர்மமான மேதைகள்' கதையாக்கியதும் அவர்களே. 2005இல் ஸ்லின்ட் மீண்டும் சேர்ந்து மேடையேறியதும், 2014இல் அவர்களைப் பற்றிய ஆவணப்படம் வந்ததும் அந்த மர்மத்தைக் கொஞ்சம் கலைத்தன. நல்லதுதான். கடுமையாகப் பயிற்சி செய்த இளைஞர்கள் என்ற உண்மை, மர்மத்தைவிட எனக்குப் பிடித்திருக்கிறது.

இவ்வளவுக்குப் பிறகும் செல்வாக்கு இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று சந்தேகம் இருந்தால், 2021 பிப்ரவரியைப் பாருங்கள். அந்த மாதத் தொடக்கத்தில் லண்டனின் பிளாக் கன்ட்ரி, நியூ ரோடு என்ற இளம் இசைக்குழுவின் முதல் ஆல்பம் வந்து பிரிட்டன் பட்டியலில் நான்காம் இடத்தைப் பிடித்தது. ஸ்லின்ட் கலைந்தபோது பிறந்தேயிராத பிள்ளைகள் அவர்கள். தங்களை ஸ்லின்டின் நகல் என்று யாரும் சொல்வதற்கு முன் ஒரு பாட்டின் வரியில் தாங்களே அதைச் சொல்லிக்கொண்டார்கள். அதே மாதக் கடைசியில் மோக்வாயின் பத்தாவது ஆல்பம், அவர்களுடைய சொந்த லேபிளான ராக் ஆக்‌ஷன் வெளியீடாக, பட்டியலில் முதலிடத்துக்கு வந்தது. கால் நூற்றாண்டு காலம் பெரும்பாலும் பாடாமல் வாசித்த ஒரு இசைக்குழு, யாருக்கும் தன்னை எழுதிக் கொடுக்காமல், அங்கே போய்ச் சேர்ந்தது.

எங்கிருந்து கேட்கத் தொடங்கலாம் என்றும் சொல்லிவிடுகிறேன். 'ஸ்பைடர்லேண்ட்' மொத்தம் 39 நிமிடம். வரிசை மாற்றாமல் ஒரே மூச்சில் கேளுங்கள், ஃபோன் ஸ்பீக்கரில் வேண்டாம், மெல்லிய பகுதிகள் தெருச் சத்தத்தில் காணாமல் போய்விடும். ஆலாபனைக்குப் பழகிய காதுக்கு இந்தப் பொறுமை ஒன்றும் புதிதில்லை. கடைசிப் பாட்டு உங்களைப் பிடித்துக்கொண்டால், அதே லூயிவிலின் ரோடன் இசைக்குழு 1994இல் வெளியிட்ட 'ரஸ்டி' அடுத்தது. கத்தல் ஒத்துவரவில்லை என்றால் டார்ட்டஸின் 'டிஎன்டி'க்குப் போங்கள். இரவில் தனியாக இருக்க நேரம் கிடைத்தால் 'ஸ்பிரிட் ஆஃப் ஈடன்'. காட்ஸ்பீடை மட்டும், முடிந்தால் யாரிடமாவது இசைத்தட்டாக வாங்கிக் கேளுங்கள். அந்த வட்டப் பள்ளம் ஸ்ட்ரீமிங்கில் கிடையாது.